ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே

110 கண்ணி கொண்ட ஒரு பைக் செயினை முழுக்கப் பிரித்து மேசையில் பரப்பினால் 550 துண்டுகள் தேறும். உள் கண்ணி ஒன்றுக்கு இரண்டு தகடு, இரண்டு புஷ், இரண்டு ரோலர். வெளிக் கண்ணி ஒன்றுக்கு இரண்டு தகடு, இரண்டு ஆணி. உள், வெளி, உள், வெளி என்று மொத்தம் 55 ஜோடி. சாவி கொடுத்து ஓடும் சாதாரணக் கைக்கடிகாரத்தில்கூட இத்தனை துண்டுகள் கிடையாது. அந்தக் கடிகாரத்தைக் கண்ணாடி போட்டு மூடி, தண்ணீர் படாமல் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம். செயினை மட்டும் ஐப்பசி மழையிலும், குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட தெருவின் சேற்றிலும், பின்சக்கரம் வாரியடிக்கும் மணலிலும் ஓடவிடுகிறோம். அப்படியும் அது வருஷக்கணக்கில் உழைக்கிறது. இந்த உழைப்பின் நயம் தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு மூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த மெக்கானிக் கடையிலும் வெட்டிப்போட்ட பழைய செயின் துண்டு கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கழுவித் துடைத்துவிட்டு ரோலரை நகத்தால் தள்ளிப் பாருங்கள், சுழலும். ரோலருக்கு உள்ளே இருக்கும் புஷ் சுழலாது. இரண்டு உள் தகடுகளிலும் அதை இறுக அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். புஷ்ஷுக்கு உள்ளே இருப்பது ஆணி. அதன் இரு முனைகளும் வெளித் தகடுகளில் இறுக அடிக்கப்பட்டு, நுனி தட்டி விரிக்கப்பட்டிருக்கும். ஆக, ஒரு மூட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உருளைகள். வெளியே இருப்பது, செயின் ஏறும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லின்மேல் உருண்டு, உரசலைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருப்பது அசையாது. உள்ளே இருப்பது நடு உருளைக்குள் கொஞ்சம் மட்டும் திரும்புகிறது. செயின் மடங்குகிறது என்று நாம் பார்ப்பதெல்லாம் இந்தத் திரும்பல்தான். வண்டியின் இழுவை முழுவதையும் தாங்கிக்கொண்டே திரும்ப வேண்டும். இந்த இடத்தை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. செயினின் ஆயுள் தீர்மானமாவது அங்கேதான்.

அந்த நடு உருளை தானாக வந்ததல்ல. ஜேம்ஸ் ஸ்லேட்டர் 1864-ல் காப்புரிமை பெற்ற செயினில் ரோலர் உண்டு, புஷ் இல்லை. இழுவை முழுவதும் தகட்டின் துளை விளிம்பு ஆணியைத் தொடும் குறுகிய இடத்தில் விழுந்தது. மெல்லிய தகடு, சீக்கிரம் தேய்ந்தது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட், 1880-ல் இரண்டு உள் தகடுகளையும் ஒரு சின்னக் குழாயால் இணைத்தார். ஆணி இப்போது குழாயின் முழு நீளத்திலும் சாய்ந்துகொள்ளலாம். அதே சுமை அகலமான இடத்தில் பரவிவிட்டது. டைம்லரின் முதல் மோட்டார் இருசக்கர வண்டி ஓடியது 1885-ல். அதற்கும் ஐந்து ஆண்டு முன்பே, பின்னாளில் மோட்டார் சைக்கிளுக்கு வரப்போகும் செயின் தயார். ஜவுளி ஆலை இயந்திரங்களுக்காகத் தொடங்கிய பொருள் சைக்கிளுக்கு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வந்து, இன்றும் அதே உருவத்தில் ஓடுகிறது. இதைவிடக் கச்சிதமான திருத்தம் ஒன்றை இயந்திரவியலில் காட்டுவது கஷ்டம் என்பது என் கட்சி.

அந்த மூட்டு எத்தனை முறை திரும்புகிறது என்று கணக்குப் போட்டால் மரியாதை இன்னும் கூடும். 18 அங்குலச் சக்கரம், முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று ஒரு 100 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் செயின் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் முழுச் சுற்று வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூட்டு நான்கு தடவை திரும்பியாக வேண்டும்: முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது, இறங்கும்போது, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது, இறங்கும்போது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 48,000 தடவை. அதிலும் முன்னால் 25 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். பின்னால் ஒன்பது டிகிரிகூட இல்லை. தேய்மானத்தின் பெரும்பங்கு முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தில்தான் நடக்கிறது. பிக்கப்புக்காக முன்னால் ஒரு பல் குறைத்துப் போடச் சொல்பவர்கள் அந்தச் சுகத்துக்குச் செயினில் வட்டி கட்டுகிறார்கள்.

இன்னொரு நுட்பம். ஸ்ப்ராக்கெட் நம் கண்ணுக்கு வட்டம். செயினுக்கு அது பலகோணம். 14 பல் என்றால் 14 பக்கம். எஞ்சின் ஒரே சீராகச் சுழற்றினாலும், செயின் ஒவ்வொரு பல்லுக்கும் கொஞ்சம் வேகம் கூடிக் கொஞ்சம் குறைந்துதான் ஓடும். 14 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 2.5 சதவீதம், 42 பல்லில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அந்தத் துடிப்பில் ஒரு பங்கைப் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகள் விழுங்கிவிடுவதால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை.

செயின் லூஸானால், இழுபட்டு இழுபட்டு நீண்டுவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஒரு தகடுகூட நீண்டிருக்காது. பெரும்பாலான 100, 150 சிசி வண்டிகளில் ஓடுவது 428 செயின். அதில் ரோலர் நடுவிலிருந்து அடுத்த ரோலர் நடுவரை அரை அங்குலம், 12.7 மி.மீ. 110 கண்ணிக்கு 1,397 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் புஷ்ஷும் சேர்ந்து 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்தத்தில் 11 மி.மீ. கூடிவிடும். கால் மி.மீ. தேய்ந்தால் 27 மி.மீ.க்கு மேல், அதாவது 2 சதவீதம். அந்தக் கட்டத்துக்கு வந்த செயினை அதற்கு மேல் நம்பக் கூடாது. கண்ணுக்கே தெரியாத தேய்மானத்தை 110 மடங்காக்கிக் கண்முன் தொங்கவிடுகிறது செயின். தன் நோயைத் தானே அளந்து காட்டும் உதிரிப்பாகம் வண்டியில் வேறு எது இருக்கிறது?

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒன்று உண்டு. இந்த நீட்சி எல்லாக் கண்ணிகளிலும் சமமாக விழுவதில்லை. உள் கண்ணியின் இரண்டு புஷ்களும் ஒரே தகட்டில் அடித்து இறுக்கப்பட்டவை. அவற்றின் இடைவெளி சாகும்வரை 12.7-தான். தேய்ந்த ஆணிகள் இருப்பது வெளிக் கண்ணியில். எனவே கூடும் நீளம் முழுவதும் வெளிக் கண்ணிகளின் பக்கம் போய்ச் சேர்கிறது. பழைய செயினில் ரோலர்கள் ஒரு எட்டு சரியாகவும் அடுத்த எட்டு அகலமாகவும் நடக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு 14 பல் என்று இரட்டைப்படையாக இருந்தால், ஒரு பல் எப்போதும் உள் கண்ணியையே சந்திக்கும். அதன் பக்கத்துப் பல் எப்போதும் அகன்றுபோன வெளிக் கண்ணியையே சந்திக்கும். தேய்மானம் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். 15 என்று ஒற்றைப்படையானால் ஒவ்வொரு பல்லும் சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றிக்கொள்ளும். செயினில் கண்ணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை, ஏனென்றால் உள்ளும் வெளியும் ஜோடி சேர்ந்தாக வேண்டும். பல்லை மட்டுமாவது ஒற்றைப்படையில் வைக்க வடிவமைப்பாளர்கள் ஆசைப்படுவது இதனால்தான்.

இத்தனையும் தெரிந்த பிறகு எண்ணெய் விடும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். நம்மில் பெரும்பாலோர் ரோலரின் நடு முதுகில் ஊற்றுகிறோம். பளபளக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போக வழி அது இல்லை. வழி இருப்பது உள் தகடும் வெளித் தகடும் ஒன்றின்மேல் ஒன்று படியும் மெல்லிய இடுக்கில், இரண்டு பக்கமும். அங்கே ஒரு சொட்டு போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, கீழ் ஓட்டத்தின் உட்பக்கமாக விட வேண்டும். ஓடும்போது சுழற்சியில் எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தள்ளப்படும். உட்பக்கம் விட்டால் போகிற வழியில் மூட்டைக் கடந்துதான் போகும். எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டுச் செயின் துடைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். துணி ஒரு நொடியில் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும், விரலும் கூடவே போகும். இதில் ரசிக்க ஒன்றுமில்லை.

எந்த எண்ணெய் என்பதற்குக் கையேடுகள் பலவும் சொல்வது 90 கியர் ஆயில். மெக்கானிக் கடையில் டப்பாவில் தேங்கி நிற்கும் பழைய எஞ்சின் ஆயிலைப் பிரஷ்ஷால் தடவுவது ஊர்வழக்கம். அதில் எஞ்சின் தேய்ந்த உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கிறது. எங்கே தூசு போகக் கூடாதோ அங்கே தூசை நாமே கொண்டுபோய் விடுவானேன்? கிரீஸை அப்புவது அதைவிட மோசம். தடித்த கிரீஸ் இடுக்குக்குள் நுழையாது. வெளியே உட்கார்ந்துகொண்டு மணலைச் சேர்த்து, அரைக்கும் பசையாகிவிடும். கூடிய மட்டும் ஓடி வந்த சூட்டோடு சூடாக எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை பனியன் வேஸ்ட்டால் துடைத்தெடுக்க வேண்டும். விரல் வைத்தால் லேசாகப் பிசுக்க வேண்டும், சொட்டக் கூடாது.

மூட்டு காய்ந்திருக்கிறதா என்று காது சொல்லும்; கீச்சென்ற முனகல். காதுக்கு முன்பே கண் சொல்லும். தகடுகள் சேரும் விளிம்பில் செங்கல் பொடி நிறத்தில் மெல்லிய துரு கசிந்திருந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள். இரும்பு இரும்பை உரசித் துப்பிய தூள் அது. சில கண்ணிகள் விறைத்துப்போய், முன் ஸ்ப்ராக்கெட்டை விட்டு இறங்கிய பிறகும் நிமிராமல் சின்னக் கூனலோடு வரும்.

பெரிய வண்டிகளில் வரும் ஓ-ரிங் செயின் இந்தப் பாட்டையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டது. கிரீஸை மூட்டுக்குள் நிரப்பி, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆணி ஒன்றுக்கு இரண்டு. 110 கண்ணிச் செயினில் 220 வளையங்கள். 1970-களில் வந்த யோசனை. இதற்கு வெளியிலிருந்து விடும் எண்ணெய், ரோலருக்கும் வளையங்கள் காயாமல் இருப்பதற்கும் மட்டுமே. இதைப் பெட்ரோலில் கழுவினாலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலும் வளையம் கெடும். உள்ளே இருக்கும் கிரீஸ் போனால் திருப்பி வைக்க வழியே இல்லை. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

தொய்வைப் பற்றி ஒரு வார்த்தை. செயினைக் கம்பிபோல் இழுத்துக் கட்டினால்தான் சிலருக்குத் திருப்தி. கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும் என்கின்றன சிறு வண்டிகளின் கையேடுகள். ஏன் இந்தத் தாராளம்? பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடும் மையமும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒன்றல்ல. ஸ்ப்ராக்கெட் சற்று முன்னால் இருக்கிறது. ஆள் ஏறி, பள்ளத்தில் விழுந்து, சக்கரம் மேலே எழும்பும்போது ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மையம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணம் ஒன்று உண்டு. அப்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையே தூரம் மிக அதிகம். நிற்கும் வண்டியில் நாம் விட்டுவைத்த தொய்வு அந்தக் கணத்துக்காக. அதையும் இறுக்கிவிட்டால் கியர் பாக்ஸ் பேரிங்தான் அழும். அளப்பதும் ஓரிடத்தில் அளந்து முடியாது. தேய்ந்த செயினில் இறுக்கமான இடமும் தளர்ந்த இடமும் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் செட் பண்ண வேண்டும்.

நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண இதைவிட எளிய இடம் இல்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்துகிறார். இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு, கோடு பார்த்துத் திருகுகிறார். அதோடு விடாமல் வண்டிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேல் ஓட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார். நட்டை இறுக்கியதும் தொய்வை மறுபடி அளக்கிறார், ஏனென்றால் இறுக்குவதிலேயே கொஞ்சம் மாறும். கடைசியாக, யாரும் கேட்காமலே பின் பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார். சக்கரம் பின்னால் போனால் டிரம் பிரேக்கின் ராடு இழுபட்டு பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். செயின் டைட் பண்ணக் கொடுத்த வண்டி பிரேக் உரசலோடு திரும்பி வந்தால் கடையை மாற்றிவிடுங்கள்.

மாற்றும் நாள் வந்தால் செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். காசு பார்த்துச் செயின் மட்டும் போடச் சொல்பவர்களிடம் பழைய பல்லையும் புதுப் பல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். புதுப் பல்லுக்கு இரு தோளும் சமம். பழையதற்கு இழுவை வாங்கிய பக்கம் குழிந்து, நுனி கொக்கியாகச் சாய்ந்திருக்கும். அகன்றுபோன பழைய செயினுக்கு ஏற்பத் தேய்ந்த பல் அது; 12.7 பிசகாத புதுச் செயினை அதன்மேல் ஏற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தன் வழிக்கு இழுத்துவிடும்.

புதுச் செயினின் டப்பாவைப் பிரிக்கும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இந்தியாவின் செயின் வரலாற்றில் நம் ஊர்களுக்குப் பெரிய பங்கு. டைமண்ட் செயின் அம்பத்தூர் சரக்கு. முருகப்பா குழுமம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து டைமண்ட் செயின் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1960-ல் தொடங்கியது. அந்த அமெரிக்க நிறுவனத்தின் செயின்கள்தான் 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் எஞ்சினிலிருந்து புரொபெல்லர்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோயின. இரண்டு புரொபெல்லரும் எதிரெதிராகச் சுற்றவேண்டி, ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்னொரு பெரிய பெயரான ரோலான், கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் தயாரிப்பு. கடைக்காரர் "டைமண்டா, ரோலானா?" என்று கேட்பது, யோசித்துப் பார்த்தால், சென்னையா கோவையா என்று கேட்பதுதான்.

புதுச் செயினின்மேல் வெளிர் மஞ்சளாக ஒட்டியிருப்பது பாதுகாப்புப் பூச்சு என்று நினைத்துச் சிலர் துடைத்துவிடுகிறார்கள். மூட்டுகளுக்குள் தொழிற்சாலையில் செலுத்திய எண்ணெயின் மிச்சம் அது, இருக்கட்டும். மாட்டுவதில் ஒரு கைவேலை உண்டு. பழைய செயினை உருவி எறிந்துவிட்டால், கவருக்குள் கைவிட்டு முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் புதியதை நுழைக்கத் தவிக்க வேண்டும். தெரிந்தவர்கள் பழையதன் கடைசிக் கண்ணியில் புதியதை லாக்கால் கோத்துவிட்டு, பழையதை இழுப்பார்கள். அது வெளியே வர வர, புதியது அதே பாதையில் தானாக ஏறி வந்துவிடும். பழையது போகிற போக்கில் வாரிசுக்கு வழிகாட்டிவிட்டுப் போகிறது.

பிறகு லாக். ஆணி இரண்டு கொண்ட சின்னக் கண்ணி, அதன்மேல் ஒரு தகடு, அதைப் பிடித்துக்கொள்ள நாக்கு பிளந்த ஒரு கிளிப். கடையில் வேலை பழகும் பையன் ஒருவன் கிளிப்பைத் தட்டப் போனபோது மெக்கானிக் தலைநிமிராமலே கேட்டார்:

"டேய், வாய் எந்தப் பக்கம் வச்சே?"

"முன்பக்கம்ணே."

"மேல் செயின்ல மாட்டறே. அது எந்தப் பக்கம் ஓடுது?"

பையன் சக்கரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கிளிப்பைக் கழற்றித் திருப்பிப் போட்டான். மேல் ஓட்டம் பின்னாலிருந்து முன்னால் போகிறது. எனவே கிளிப்பின் மூடிய தலை முன்பக்கம், பிளந்த வாய் பின்பக்கம். ஓடும்போது கல்லோ கவரோ தட்டினாலும் மூடிய பக்கம்தான் அடி வாங்கும், கிளிப் கழன்றுகொள்ளாது. கீழ் ஓட்டத்தில் வைத்து மாட்டினால் தலை பின்பக்கம் பார்க்கும். அதிகச் சக்தி கொண்ட வண்டிகளில் கிளிப்பை நம்புவதில்லை. ஆணி நுனியைக் கருவியால் அழுத்தி விரித்தே மூடிவிடுகிறார்கள்.

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். மூட்டுகள் தங்களுக்குள் படிந்து உட்காருகின்றன, அவ்வளவுதான். ஒருமுறை டைட் வைத்துவிட்டால் அதன் பிறகு தளர்வது மெதுவாகத்தான். அதுவும் முழுக் கவர் இருக்கும் வண்டியென்றால். இப்போதைய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் செயினைத் திறந்து காட்டுவதை அழகு என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலும் கீழும் மூடிய அந்தப் பழைய தகர கவர்தான் செயினுக்குச் செய்த முழு மரியாதை: மணல் உள்ளே வராது, எண்ணெய் வெளியே தெறிக்காது, வேட்டி சிக்காது. கவரின் அடியில் விரல் விட்டுத் தொய்வு பார்க்க ஒரு துளையும், அதை அடைக்க ஒரு ரப்பர் மூடியும் வைத்தார்கள். தெருவில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த மூடி தொலைந்துபோய், துளை வழியே தூசு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அது தனியாகவே கிடைக்கும்; வண்டிப் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.